மேல்தண்ணீர்

ஆறு பட்டை கொண்ட பச்சைப் போத்தல் அது. பட்டைகளில் மேலிருந்து கீழாக வரிவரியாகக் கண்ணாடி புடைத்திருக்கும். வெளிச்சம் இல்லாத மூலையில் கை வைத்தாலும் இது விஷ மருந்து என்று விரலுக்குத் தெரிய வேண்டும்; அதற்காகவே அந்தக் காலத்தில் அப்படி வார்த்தார்கள். நான் அதைக் கடைசியாகப் பார்த்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. போன மாதம் ஒரு கைத்தொலைபேசித் திரையில் மறுபடியும் பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்குள், சின்ன மஞ்சள் விளக்கின் கீழே, சாமி படத்தை வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீல நிறத்தில் இரண்டு, கண்ணாடி அடைப்பான் போட்ட பழுப்புப் போத்தல் ஒன்று. பச்சையைத் தவிர மற்றதெல்லாம் நான் கழுவித் துடைத்து அடுக்கியவை.

“பாருங்கக்கா, அப்பாவோட கலெக்‌ஷன். இதெல்லாம் இப்ப தேடினாலும் கெடைக்காது லா” என்றார், நான் முன்பு வேலை செய்த கிளினிக்கில் மருந்து கலந்து கொடுத்த டிஸ்பென்சரின் மகன். சுபாங் ஜெயாவிலிருந்து கிள்ளானுக்கு என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்திருந்தார். டிஸ்பென்சர் இறந்து ஒரு வருடம் ஆகப் போகிறதாம். நினைவு மலர் ஒன்று போடுகிறார்களாம். “நீங்க அப்பாகூட நாலு வருஷம் வேல செஞ்சவங்க. ரெண்டு பாரா போதும்க்கா.” நான் தலையாட்டினேன். யார் எதைக் கேட்டாலும் எனக்கு முதலில் தலைதான் ஆடும். காலணியை மாட்டிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். “அந்தப் பிள்ள விஷயத்துலகூட அப்பா உங்கள போலீசுக்கு விடல இல்லையா, அத எழுதுங்க. படிக்கறவங்களுக்கு அப்பா மனசு புரியும்.”

அவர் கார் தெருமுனை திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். இரண்டு வயதுக் குழந்தைக்கு மருந்தைத் தப்பாகக் கொடுத்து உயிர் போகும் நிலைக்குக் கொண்டுபோனவள் என்று இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேருக்கும் மறந்துகொண்டிருக்கும் நேரத்தில், அதை என் கையாலேயே எழுதி வாங்கி அச்சில் ஏற்றப் பார்க்கிறார்கள். அதுவும் அவருடைய பெருந்தன்மைக்குச் சாட்சியாக. நான் பள்ளியில் படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவள். நன்றாகப் பேசவும் தெரியாது. ஆனால் அந்தக் குழந்தைக்கு என்ன நடந்தது என்று எழுதத் தெரியும். எழுதுகிறேன்.

கிள்ளானில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கிளினிக் அது. டாக்டர் வயதானவர், நல்லவர். கதவுக்கு அந்தப் பக்கம் நாடி பிடித்துச் சீட்டு எழுதுவதோடு சரி. கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாமே டிஸ்பென்சர். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட காலர், நெற்றியில் கோடு மாதிரி திருநீறு. சனங்கள் டாக்டரைவிட அவரைத்தான் கும்பிடுவார்கள். கைராசிக்காரர் என்பார்கள். காலையில் கிளினிக் திறக்கும்போது எரிச்சலோடு இருப்பார். பீங்கான் உரலை நகர்த்தினாலும் திட்டுவார். பத்து மணிக்கு மேல் குரல் மெத்தென்று ஆகிவிடும். கிழவிகள் ஒரே நோயை மூன்று தரம் சொன்னாலும் கண்ணை அரைவாசி மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்; கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருக்கும். அதை எல்லோரும் பொறுமை என்றார்கள். மத்தியானம் தவறாமல் அரைப் பப்பாளி சாப்பிடுவார். சாப்பிட்டும் கழிப்பறையில் அரைமணி நேரம். ஊருக்கே வயிற்றுப்போக்கு மருந்து கொடுக்கிறவருக்கு வயிறு போகாது. அப்போது எனக்கு அது சிரிப்பாக இருந்தது. ஏன் என்று யோசிக்கத் தெரியவில்லை.

வயிற்றுப்போக்குக்கு அங்கே கொடுத்ததை வெள்ளை மருந்து என்பார்கள். சுத்தம் செய்த வெள்ளைக் களிமண், வாசனைக்கு ஏதோ ஒரு எண்ணெய், வயிற்றைக் கட்டக் கொஞ்சம் அபின் சத்து. அபினை நம் பக்கத்தில் சண்டு என்று சொல்வோம். அந்தக் காலத்து இருமல் மருந்திலும் வயிற்று மருந்திலும் அது இருந்தது. டாக்டர்களே கொடுத்தார்கள், அதில் தப்பு எதுவும் இல்லை. மருந்து இரண்டு லிட்டர் பழுப்புப் போத்தலில் வரும். ஒரு இரவு அசையாமல் இருந்தால் களிமண் கீழே படிந்துவிடும். மேலே நாலு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர் நிற்கும். நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும் என்று லேபிளில் ஆங்கிலத்தில் போட்டிருக்கும். டிஸ்பென்சர் அந்தப் போத்தலை யாரையும் குலுக்க விடமாட்டார். காலையில் முதல் வேலையாக அவரே அலமாரியைத் திறந்து, மேலே நிற்கும் தண்ணீரைக் கலங்காமல் சாய்த்து அந்தப் பச்சைப் போத்தலில் வடிப்பார். பிறகு வடிகட்டிய குழாய்த் தண்ணீரைப் பழுப்புப் போத்தலில் அதே அளவுக்கு ஊற்றிக் கலக்குவார். “மேல்தண்ணி கெட்ட தண்ணி பிள்ள. அத எடுத்துட்டு நல்ல தண்ணி ஊத்தினாத்தான் மருந்து மருந்தா இருக்கும்.” கெட்ட தண்ணீர் என்பதால் விஷப் போத்தலில் போய்ச் சேருகிறது என்று நான் நம்பினேன். விஷப் போத்தல் என்பதால் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை. அவருக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடைத்திருக்காது.

என் வேலை போத்தல் கழுவுவதும் கோடு வெட்டுவதும். நோயாளிகள் வீட்டிலிருந்தே போத்தல் கொண்டுவருவார்கள். பழைய சிரப் போத்தல், சாஸ் போத்தல், எதுவாக இருந்தாலும் சோடாத்தூள் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்ப்பேன். மருந்து ஊற்றிய பிறகு ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையை மடித்து, ஓரத்தைக் கத்தரியால் வெட்டினால் விரிக்கும்போது பல் பல்லாக வரும். அதைப் போத்தலின் முதுகில் ஒட்டுவோம். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்வரை ஒரு வேளை மருந்து. சனங்கள் அதைக் கோடு என்பார்கள். கரண்டி இல்லாத வீட்டிலும் அளவு தப்பாது. டாக்டர் சீட்டில் எட்டு வேளை என்று எழுதினால் எட்டுக் கோடு வெட்ட வேண்டும். ஆனால் வெள்ளை மருந்துக்கு மட்டும் டிஸ்பென்சர் நாலுதான் வெட்டச் சொல்வார்; ஒரு வேளைக்கு இரண்டு மடங்கு மருந்து போகும். மருந்து கேட்கவில்லை என்று ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்ததும் அவர் கொண்டுவந்த வழக்கம் அது. “டாக்டருக்கு இந்த ஊரு வயிறு தெரியாது பிள்ள. நம்ம ஆளுங்க மொளகா தின்ன வயிறு. நாலு வெட்டு.” நான்கு வருடமும் நாலுதான் வெட்டினேன். அவர் சொல்லிச் சொல்லிக் கை பழகிவிட்டது. பிறகு அவர் சொல்லாமலே வெட்டியது.

ஒரு முறை பினாங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று மூன்று நாள் விடுப்பில் போனார். பழைய போத்தல் முதல் நாளோடு தீர்ந்தது. இரண்டாம் நாள் காலையில் டாக்டரே அலமாரியைத் திறந்து, புதுப் போத்தலின் முத்திரையை உடைத்து, இரண்டு கையாலும் பிடித்து அடிமுதல் மேல்வரை வெளுக்கும் அளவுக்குக் குலுக்கி என்னிடம் கொடுத்தார். மேல்தண்ணீரை எடுக்கவில்லையே, நல்ல தண்ணீர் ஊற்றவில்லையே. கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. டாக்டர் அதற்குள் கதவைத் தாண்டிப் போய்விட்டார். பெரிய டாக்டரிடம் போய் நீங்கள் செய்தது சரியா என்று நான் கேட்பதா என்று நின்றுவிட்டேன். கால் நிமிடக் கேள்வி அது.

அன்று பத்து மணிவாக்கில் பாசாரில் மீன் வெட்டும் பெண் ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். முழங்கைவரை செதில் ஒட்டியிருந்தது. குழந்தைக்கு நாலைந்து நாளாக வயிற்றுப்போக்கு, ராத்திரியெல்லாம் அழுகை. டாக்டர் எட்டு வேளை எழுதி, காலை ஒன்று சாயந்திரம் ஒன்று என்று போட்டிருந்தார். நான் மருந்தை ஊற்றி, பட்டையை மடித்து, நாலு வெட்டினேன். “குலுக்கிட்டுக் குடுங்கக்கா, ஒரு வேளைக்கு ஒரு கோடு” என்றேன். அவள் சரியென்று ஓடினாள். பாசாரில் வேலை காத்திருந்தது. நாலு மணிக்கு மறுபடி ஓடி வந்தாள். குழந்தையின் தலை அவள் கையில் துணி மாதிரி தொங்கியது. உதடு நாவல்பழ நிறம். “தூங்குதுன்னு நெனச்சேன் டாக்டர், எழுப்பினா எழல, எழுப்பினா எழல” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இரண்டு நாள் கழித்துக் குழந்தை கண் திறந்தது. பிழைத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: “அந்த மருந்துல அபின் சத்து களிமண்ணுல இல்ல, தண்ணியில கரைஞ்சி நிக்கும். அளவு கூடினா சின்னப் பிள்ளைக்கு மூச்சே அடங்கிடும்.” தண்ணீரில். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பச்சைப் போத்தல், பத்து மணிக்கு மெத்தென்று மாறும் குரல், கடுகளவுக்குச் சுருங்கிய கண்மணி, பப்பாளி, நாலு கோடு. நான்கு வருடமாக மருந்தை அவர் குடித்துவிட்டு, சனங்களுக்குச் சேற்றைக் கொடுத்திருக்கிறார். சேறு வேலை செய்யாததால் அளவை இரட்டித்திருக்கிறார். உண்மையான மருந்து வந்த ஒரே நாளில் நான் அந்த இரட்டை அளவை ஒரு குழந்தைக்கு வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

விடுப்பு முடிந்து நாலாம் நாள் காலையில் டிஸ்பென்சர் வந்தார். பினாங்கு கல்யாணச் சந்தனம்கூடக் கையிலிருந்து போகவில்லை. குழந்தையின் அம்மா போத்தலோடு வந்து நின்றிருந்தாள். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் பட்டையைத் தடவினார். அந்த ஒரு கணத்தில் அவருக்கும் எல்லாம் புரிந்தது என்று நான் சத்தியம் செய்வேன். பிறகு என்னைப் பார்த்தார்.

“யாரு பிள்ள இத வெட்டினது?”

“நான்தான் சார்.”

“எட்டு வெட்டணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

குரல் நடுங்கவில்லை. கண் தாழவில்லை. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குழந்தையின் அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “விடும்மா. சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டா. போலீசு அது இதுன்னு வேணாம். நான் பாத்துக்கறேன்.” வரிசையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய மனசு என்று உருகிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையை நான் எப்போதோ மறந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றிய அந்தக் கையை மறக்கவில்லை. மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. எனக்கு வந்திருந்த செந்தூல் சம்பந்தம் இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் நின்றுபோனது. நான் தையல் கடையில் சேர்ந்தேன். அவர் அதே நாற்காலியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் கைராசிக்காரராக உட்கார்ந்திருந்தார்.

வியாதி பிடித்த மனிதர், அவருக்கும் அது ஒரு பழக்கம்தானே, விட முடியாமல் தவித்திருப்பார் என்று யாராவது சொல்லலாம். சொல்லட்டும். அபின் அவரைப் பிடித்திருக்கலாம். பொய்யை எந்த மருந்தும் அவர் வாயில் ஊற்றவில்லை. அன்று காலை அவர் வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நேராக வந்தவர். பச்சைப் போத்தல் இன்னும் அலமாரிக்குள்தான் இருந்தது, அவர் அதைத் தொட்டிருக்கவில்லை. முழுத் தெளிவோடுதான் அந்தப் பொய்யைச் சொன்னார்.

இவ்வளவையும் நாலு பக்கத்தில் எழுதி முடித்தேன். மகன் வாங்க வந்தார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே படித்தார். முதல் பக்கத்தில் இருந்த சிரிப்பு மூன்றாம் பக்கத்தில் போய்விட்டது.

“இத எப்படிக்கா மலர்ல போடறது?”

“போட மாட்டீங்கன்னு தெரியும் தம்பி.”

“எங்கப்பா இப்ப இல்ல. வந்து பதில் சொல்ல முடியாது. செத்தவர் மேல சேத்த வாரி எறியறீங்களே, இது நல்லாவா இருக்கு?”

“அவரு எத்தன பேரு வயித்துல சேத்த ஊத்தினாரு, அது நல்லாவா இருந்துச்சு?”

இப்படி ஒரு பதில் என் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. அவர் தாள்களை என் கையில் வைத்துவிட்டுப் போனார். கோபமாகத்தான் போனார். மலர் போன வாரம் வெளிவந்துவிட்டது. பளபளப்பான தாள். அட்டையில் அவர் திருநீற்றோடு சிரிக்கிறார். உள்ளே யாரோ ஒருவர், வேலைக்காரப் பெண்ணின் தவற்றைத் தன் தோளில் தாங்கிய உத்தமர் என்று எழுதியிருக்கிறார். என் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன, கிள்ளானில் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அதைப் படித்த மறுநாள் என் தாள்களை எடுத்துக்கொண்டு குழந்தையின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவள் இன்னும் கிள்ளானில்தான் இருக்கிறாள், மூன்றாம் மாடி அடுக்குமாடி வீட்டில், மகளோடு; அன்றைய குழந்தைதான் அந்த மகள். கதவைத் திறந்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“கிளினிக் பொண்ணுதான நீ? கெழவியாயிட்ட.”

“நீங்க மட்டும் என்னவாம்” என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியவில்லை என்றதால் நானே படித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். டாக்டர் தண்ணீரைப் பற்றிச் சொன்ன இடம் வந்ததும் உரிப்பதை நிறுத்தினாள்.

“அப்ப நான் உன்ன அறைஞ்சப்பவே உனக்குத் தெரியும்.”

“தெரியும்க்கா.”

“ரெண்டு நாளா தெரியும்.”

“ஆமாங்க்கா.”

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?” வெங்காயத் தோலைத் தட்டில் எறிந்தாள். “அதுக்கப்புறம் பத்து வருஷம் அந்த ஆளுகிட்டதான் மருந்து வாங்கினேன். எங்க வீட்டுக்காரருக்குப் பேதி வந்து நாலு நாள் வயித்தப் புடிச்சிக்கிட்டு உருண்டாரு. கேக்கலன்னு திரும்பத் திரும்ப அங்கயே போயி அதே சேத்த வாங்கியாந்து ஊட்டினேன். நல்ல மனுசன், என் புள்ள விஷயத்துல எவ்வளவு தன்மையா நடந்துக்கிட்டாருன்னு! நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ஆள நடுரோட்டுல நிக்க வெச்சிருப்பேன்.”

என் பேர் கெட்டது என்று மட்டும்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாத அந்த நாளுக்குப் பிறகு அவரிடம் வரிசையில் நின்றவர்களை ஒரு தரமும் நினைத்ததில்லை. இதைத் தாளில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். சேர்க்கத்தான் வேண்டும் என்றாள். பிறகு, குழந்தைக்கு மருந்து கொடுத்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

“காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணுன்னு எழுதியிருக்க.”

“சீட்டுல அப்படித்தான்க்கா இருந்துச்சு.”

“நடுவுல நான் ஒண்ணு குடுத்தேன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“ராத்திரியெல்லாம் அழுத புள்ள. மொதக் கோடு உள்ள போனதும் அப்படியே தூங்கிடிச்சு. பாசாருல பெட்டிக்கு அடியில சாக்கு விரிச்சுப் போட்டேன். ஒரு மணிக்கு முழிச்சி மறுபடி சிணுங்கிச்சு. மீனு குவிஞ்சி கெடந்துச்சு, மொதலாளி தவுக்கே திட்டிக்கிட்டு நிக்கறான். இன்னொரு கோடு ஊத்தினேன். ஆஸ்பத்திரியில கேட்டாங்க. ஒண்ணுதான் குடுத்தேன், மிச்சம் கொட்டிடிச்சுன்னுட்டேன்.” வெங்காயத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, “அதையும் எழுது” என்றாள். “மொதல்ல அவன எழுது. அதுக்கப்புறம் உன்ன. கடைசியில என்ன. வரிச மாறக் கூடாது.”

அவள் மேசையிலேயே உட்கார்ந்து அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு கொஞ்சமும் குறையவில்லை. அவளுக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. மகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். மகள் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஆறு மணிக்கு வந்துவிடுவாள். “எனக்குச் சொல்ற தைரியம் இல்ல. நீயே படிச்சுக் காட்டு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் காத்திருந்தேன். கீழே பேருந்து வந்து நின்றது. மாடிப்படியில் காலடி ஏறி வந்தது. சீருடையோடு, தோளில் பையோடு, நாற்பதை நெருங்கும் பெண் ஒருத்தி கதவைத் திறந்து என்னைப் பார்த்து நின்றாள். நல்ல உயரம். உதட்டில் காலையில் பூசிய சாயம் லேசாக மிச்சமிருந்தது.

“ஆன்டி, நீங்க யாரு?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“உக்காரும்மா” என்றேன். “நான் யாருன்னு நானே சொல்றேன்.”